சன்னல் கயிறும் ஜெய்னம்புவின் மூச்சும்

வீட்டில் தவழ்கிற, நடக்கிற, ஏறுகிற பிள்ளை ஒன்று இருந்து, சன்னலில் கயிறு ஒன்றும் தொங்குமானால், இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அந்தக் கயிற்றை வெட்டிவிட்டு வாருங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவன். ஆள் வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில்.

என் மகள் ஜெய்னம்புவுக்கு அப்போது இரண்டு வயதும் சில மாதமும். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட, அதற்கு இப்பால் மாட்டுவண்டிதான் என்றிருந்த காலம் அது. கீழே கடை, மேலே பலகை பாவிய மாடியில் குடித்தனம். என் மனைவி ஆமினாவைக் கடலுக்கு அக்கரையிலிருந்த எங்கள் ஊரிலிருந்து கல்யாணம் முடித்துக் கூட்டி வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கடைக்கு வரும் ஆண்களின் காதில் வீட்டுப் பெண்ணின் குரல் விழக்கூடாது என்பது என் சட்டம். மார்க்கம் இவ்வளவு கேட்டதா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். உள்ளபடி சொன்னால் அது என் வீம்பு.

குரல் வரக்கூடாதென்றால் அவள் என்னை எப்படிக் கூப்பிடுவது? அதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். உலக்கையால் மாடிப் பலகையைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தேத்தண்ணீர் தயார், வசதிப்படி வரலாம். மூன்று தட்டு என்றால் உடனே வரவேண்டும். ஒரு தட்டுக்கு நான் ஒருநாளும் உடனே எழுந்து போனதில்லை.

மாடியிலேயே அடைந்து கிடந்தவளுக்கு வீதியைப் பார்க்க ஆசை. "சந்தை நாள்ல மாட்டு மணிதான் கேக்குது, மாட்டைக் காணோம்" என்று குறைப்படுவாள். வினையை விலைக்கு வாங்குவது என்பார்களே, அந்தக் குறையைத் தீர்க்கப் போய் நான் அதைத்தான் செய்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் எடுத்தது, மெல்லிய பலகைத் துண்டுகளை வரிசையாகக் கோத்த ஒரு சன்னல் மறைப்பு. ஒரு கயிற்றை இழுத்தால் மேலே ஏறும். இன்னொன்றை இழுத்தால் பலகைகள் சாயும். உள்ளே இருப்பவர் வீதியைப் பார்க்கலாம், வீதியில் போகிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. நாங்கள் அதற்குத் 'துரைத் தட்டி' என்று பேர் வைத்தோம். அதைக் கட்டிய அன்று ஆமினா சிரித்த சிரிப்பு, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காதது.

பங்களாச் சன்னல் ஆள் உயரத்துக்கும் மேல். என்னுடையது அதில் பாதி. தச்சன் தட்டியை அறுத்துச் சிறிதாக்கிக் கொடுத்தான். கயிறு மட்டும் மிஞ்சித் தரைவரைக்கும் வந்தது. நாள் முழுக்க ஊராருக்குத் துணி கிழித்துக் கொடுக்கிற கை, இரண்டு முழக் கயிற்றை வெட்டக் கூசியது. நல்ல கயிறு, எதற்காவது ஆகும் என்று நுனிகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். அதோடு கயிறு ஒரு வளையமாயிற்று. சன்னலுக்குக் கீழே ஒரு துணிப்பெட்டி. ஆமினா அதன்மேல் உட்கார்ந்து வீதி பார்ப்பாள், ஜெய்னம்புவும் ஏறப் பழகினாள். கயிற்று நுனியில் இருந்த மரக்குமிழைக் கடித்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தோட்டங்களில் சம்பளம் போட்ட மறு ஞாயிறு. கடையில் நிற்க இடமில்லை. நமுனுகுலைப் பக்கத்துக் கங்காணி ஒருவர் தம் மனைவி பேச்சியம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டாங்கிச் சேலை எடுக்க வந்திருந்தார். பேச்சியம்மா அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் பிரசவம் பார்ப்பவள், வாட்டசாட்டமான பெண். நான் எட்டு கஜம் அளக்கத் தொடங்கியபோது மேலே பலகையில் 'தொம்' என்று கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. உலக்கைச் சத்தம் போலக் கூர்மையாக இல்லாமல் மந்தமாக இருந்தது. தேத்தண்ணீர் என்று நினைத்தேன். வாய் உரக்க எண்ணிக்கொண்டிருந்தது, கை அளந்துகொண்டிருந்தது.

பேச்சியம்மாதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "மொதலாளி, மேல யாரோ ஒதைக்கிறாங்க."

"தேத்தண்ணிக்குக் கூப்பிடுறாங்க. இரும்மா, எண்ணிக்கை தப்பிடும்."

"இல்லீங்க, இது கூப்புடுற சத்தமில்லீங்க. போய்ப் பாருங்க!"

எட்டையும் முடித்துவிட்டுத்தான் கஜக்கோலைக் கீழே வைத்தேன்.

படியேறிப் பார்த்தபோது ஆமினா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு கையால் பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்தபடி, மறு கை விரல்களைப் பிள்ளையின் கழுத்துக் கயிற்றுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிமேல் நின்ற பிள்ளை சறுக்கி விழும்போது கயிற்று வளையம் கழுத்தில் மாட்டி முறுக்கிக்கொண்டது. உலக்கை அவளுக்கு எட்டவில்லை. கையும் ஒழிவில்லை. குதிகாலால் பலகையை உதைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. நான் ஓடிப்போய் முடிச்சை இழுத்தேன். அது நான் போட்ட வியாபாரி முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. கீழே கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தேன்.

"தள்ளுங்க!" என்று என்னை இடித்துத் தள்ளினாள் பேச்சியம்மா. கடைக் கத்தரிக்கோலை அவள் கையோடு எடுத்து வந்திருந்தாள். ஒரே வெட்டு. பிள்ளை துவண்டு ஆமினாவின் தோளில் விழுந்தது. மூச்சில்லை. நெஞ்சு எழவில்லை. பேச்சியம்மா பிள்ளையை வாங்கித் தரையில் கிடத்தி, வாயைத் துடைத்து, பிறந்தவுடன் அழாத சிசுவுக்கு ஊதுகிற மாதிரி தன் வாயை அதன் வாயில் வைத்து மெல்ல மெல்ல ஊதினாள். ஊதிவிட்டு நெஞ்சைப் பார்த்தாள். மறுபடி ஊதினாள். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் என் மகள் மௌத்தாகிவிட்டாள் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் ஒரு விக்கல் வந்தது. ஓட்டைத் துருத்தியில் காற்று ஏறுகிற மாதிரி 'ஹீ' என்று ஒரு சத்தம்.

"வந்துருச்சு. தூக்குங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றாள்.

கடைவீதி நெடுக ஓடினேன். என் பின்னால் ஆமினா, கடையில் விரித்துக் கிடந்த ஏதோ ஒரு துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஓடி வந்தாள். மாடியை விட்டு இறங்காதவளை அன்று ஊரே பார்த்தது. அதைப் பற்றி எனக்கு ஓர் எண்ணமும் இல்லை.

ஊரிலிருந்த சர்க்கார் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். விளக்கைப் பிடித்துப் பிள்ளையின் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே குங்குமம் தெறித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். கழுத்து நெருக்குண்டால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்து அப்படி ஆகுமாம்.

"பிள்ளை எவ்வளவு நேரம் தொங்கினது?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. கொஞ்ச நேரந்தான்" என்றேன். ஆமினா என் முகத்தைப் பார்த்தாள்.

பிள்ளையின் கழுத்தில் ஓதிக் கட்டிய தாயத்து ஒன்று கறுப்புக் கயிற்றில் கிடந்தது. வீங்கிய சதை அதை மூடத் தொடங்கியிருந்தது. டாக்டர் அதை வெட்டப் போனார். ஆமினா அவர் கையைப் பிடித்துவிட்டாள். அந்நிய ஆணின் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அம்மா, தாயத்தை நீங்கள் வச்சிருங்கோ. கழுத்தில மட்டும் ஒண்டும் வேண்டாம்" என்றார் அவர். வெட்டியதை அவள் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

அவர் எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். "வெளியில தெரியிற வீக்கம் பெரிசில்லை. உள்ளுக்கு மூச்சுக்குழாய் நசுங்கிப்போச்சு. அதுவும் வீங்கும். இண்டைக்கும் நாளைக்கும் கூடத்தான் செய்யும். இந்த 'ஹீ' எண்ட சத்தம், ஒடுங்கின வழியால மூச்சுப் போற சத்தம். அது கேக்குமட்டும் மூச்சு இருக்குது. சத்தம் நிண்டால் உடன கூப்பிடுங்கோ. பிந்தக்கூடாது."

பெண்கள் வார்டு. எனக்கு உள்ளே இடமில்லை. தாழ்வாரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால் கட்டிலும், கெண்டியில் கொதிக்கிற தண்ணீரின் ஆவியும், அந்த ஆவி வெளியே போகாமல் கட்டிலைச் சுற்றிக் கட்டிய துணியும் தெரியும். ஈர ஆவி பட்டால் மூச்சுவழி கொஞ்சம் இளகும் என்றார்கள். அன்று பின்நேரம் பிள்ளைக்கு ஒருதரம் கைகால் வெட்டி இழுத்தது. மூளைக்கு இரத்தம் போகாமல் நின்றதால் வருகிற வலிப்பாம். பிழைத்தாலும் புத்தி எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம்.

பொழுது சாய்ந்ததும் ஆமினா வாசல்வரை வந்தாள்.

"நான் ஒதச்சது உங்களுக்குக் கேக்கலையா?"

"கடையில கூட்டம். ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை, வியாபாரி. சாயம் போகாது என்று சொல்லி விற்ற துணிகள் ஊரெல்லாம் வெளுத்துத் திரிகின்றன. ஆனால் அந்தப் பொய் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரவு முழுக்க அந்த வாங்கில் உட்கார்ந்து அந்த 'ஹீ'யைக் கேட்டேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டால் எழுந்து நின்றுவிடுவேன். சத்தம் வந்தால் உட்காருவேன். யாஸீன் ஓதத் தொடங்கினால் பாதியில் மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

மறுநாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் மழை இரைந்ததால் எனக்குப் பிள்ளையின் மூச்சு கேட்கவில்லை. சன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். ஆமினா குனிந்து பிள்ளையின் வாயோடு காதை வைத்திருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"டாக்டரய்யா! எம்புள்ளைக்கு மூச்சு நின்னுபோச்சு! ஓடி வாங்க, யாராவது ஓடி வாங்க!"

யாரோ ஒரு பெண் கத்துகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து வருஷம் கூட வாழ்ந்தவளின் உரத்த குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் குரல் மழையையும் தாண்டி அடுத்த கட்டடத்துக்குப் போயிற்று. டாக்டர் கையில் பேனாவோடு ஓடி வந்தார்.

அவர் செய்ததைப் பின்னால்தான் விளங்கிக்கொண்டேன். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயில் ஒரு சிறிய துளை போட்டு, வளைந்த வெள்ளிக் குழாய் ஒன்றை அதற்குள் வைத்தார். வாய் மூக்கு வழியே போகாத காற்று அந்தக் குழாய் வழியே நேரே நெஞ்சுக்குப் போகும். குழாய் நழுவாமலிருக்க நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்கள். மறுபடியும் என் பிள்ளையின் கழுத்தைச் சுற்றி ஒரு நாடா! தாழ்வாரத்தின் ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் பிந்திக் கூப்பிட்டிருந்தால் நான் வந்தும் பிரயோசனமில்லை" என்று டாக்டர் ஆமினாவிடம் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குழாய் இருக்கும் நாட்களில் பிள்ளைக்குக் குரல் இல்லை. காற்று தொண்டைவரை ஏறினால்தானே சத்தம் வரும். மூன்றாம் நாள் ஜெய்னம்பு கண்ணைத் திறந்து எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். புத்திக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அடுத்த நிமிஷமே அவள் அழுதாள். வாய் கோணி, முகம் சிவந்து, கண்ணீர் ஓடி, எல்லாம் அழுகைதான், சத்தம் மட்டும் இல்லை. அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. தன் அழுகை தனக்கே கேட்காமல் பிள்ளை திகைத்துப் போய் எங்களைப் பார்த்தது. குழாயில் சளி அடைக்கும்போதெல்லாம் நர்ஸம்மா சுத்தம் செய்த கோழி இறகால் அதை எடுப்பார். அடைபட்டு இறகு உள்ளே போய் வரும்வரை எனக்கும் மூச்சு நின்றுதான் இருக்கும்.

மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். அடுத்த கடைச் செட்டியார் என்னைக் கேட்காமலே என் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, தினமும் தம் வீட்டிலிருந்து கஞ்சி அனுப்பினார். "புள்ளையப் பாருங்க பாய், துணி எங்கயும் ஓடிடாது" என்றார். அடுத்த கட்டிலில் காய்ச்சலாய்க் கிடந்த தோட்டத்துப் பெண் தன் கம்பளியை ஆமினாவுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பேச்சியம்மா வந்தாள், அவிழாமல் கட்டிய முந்தானையில் ஆறு முட்டையோடு. பிள்ளையைப் பார்த்து, ஆமினாவோடு பேசிவிட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். எனக்குக் கேட்டது என்று தெரிந்தவர்களில் ஆமினாவிடம் போய்ப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"நா ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றாள். "அது நாஞ் சொல்ற சேதி இல்ல. ஒங்க வாயால வரணும்."

அன்று வீட்டுக்குப் போனேன். துரைத் தட்டியைக் கழற்றவில்லை. ஆமினாவின் வீதியை அவளிடமிருந்து பறிக்க எனக்கு உரிமை இல்லை. கயிறுகளை மட்டும், என் தலைக்கு மேலே நிற்கும்படி, தனித்தனி நுனியாக, கட்டையாக வெட்டினேன். சுவரில் உயரத்தில் ஓர் ஆணி அடித்து அதில் சுற்றி வைத்தேன். பெட்டியைச் சன்னலை விட்டு எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன். ஏறுவதற்கு ஒன்று இருந்தால் பிள்ளை ஏறும்; வளையம் ஒன்று இருந்தால் தலை அதற்குள் போகும். முடிச்சுப் போட்டால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், முடிச்சுத்தான் வினை. பிள்ளை எட்டாத உயரம் என்று நீங்கள் நினைப்பதை நம்பாதீர்கள். ஒரு நிமிஷம் அடுப்படிக்குப் போனவள்தான் ஆமினா. சத்தம் போட்டு அழுமே, ஓடிவிடலாமே என்றும் நினைக்காதீர்கள். கழுத்து நெருக்கப்பட்ட பிள்ளை சத்தம் போடாது.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். டாக்டர் துளையை விரலால் மூடிப் பிடித்துக் காத்திருந்தார். ஜெய்னம்பு அவர் கையைத் தட்டிவிட்டு அழுதாள். கிழட்டுக் காகம் கரைகிற குரல். வார்டு முழுக்க எட்டிப் பார்த்தது. நர்ஸம்மா சிரித்தார், அடுத்த கட்டில்காரி சிரித்தாள், ஆமினா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும் தரையில் நெற்றியை வைத்தேன். அந்தக் கரகரப்பு அவளுக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த அன்று பின்நேரம். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பழக்கமாகிப்போய், அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இனியும் விழுங்க என்னால் முடியவில்லை.

"ஆமினா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நீ ஒதச்சது எனக்குக் கேட்டுச்சு. தேத்தண்ணின்னு நெனச்சிட்டேன்."

அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பிள்ளையின் மேல் போர்வையை இழுத்து விட்டாள்.

"தெரியும்" என்றாள். "ஒண்ணு, ரெண்டுன்னு நீங்க கஜம் எண்ணுறது மேல எனக்குக் கேட்டுச்சு. உங்க சத்தம் எனக்குக் கேக்கும்போது என் சத்தம் உங்களுக்குக் கேக்காமலா இருக்கும்?"

அவள் இன்னும் மெதுவாக மேலே பேசினாள்.

"நீங்க அஞ்சு எண்ணும்போது கத்திடலாம்னு வாயைத் திறந்தேன். கீழ இவ்வளவு ஆம்பளைங்க இருக்காங்களேன்னு மூடிக்கிட்டேன். நீங்க எட்டுவரைக்கும் எண்ணி முடிச்சீங்க."